ஆளுக்கொரு சட்டி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எறும்பு எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது, நான் நலம். இந்தக் குளிருக்கு உன் முட்டி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை வழக்கம்போல் பூந்தொட்டிக்குப் போடுகிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் எனக்குப் பதினைந்து நாள் லீவு. மலை முகட்டுப் பாதையில் நடக்கப் போகிறேன். நீ பாதியில் விட்டாயே, அதே பாதைதான். பத்து நாள் நடை. கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் தோளில். மீதிப் பாதையை உனக்காக நான் நடந்து முடிப்பேன் என்று ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஏதோ மயக்கத்தில் சொன்னதாக நீ நினைத்திருப்பாய். மயக்கத்தில் இருந்தது நீ, நான் இல்லை.

மற்றதெல்லாம் வாங்கியாயிற்று. சட்டியில்தான் முழிக்கிறேன். மலைச்சாமான் கடைக்காரர் எதைத் தொட்டாலும் "இதுதாங்க பெஸ்ட்" என்கிறார். அலுமினியம், ஸ்டீல், டைட்டானியம், ஒட்டாத பூச்சு போட்டது என்று அலமாரி முழுக்க அடுக்கியிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஜனங்களை உட்காரவைத்து "இந்தக் கண்ணாடி தெளிவா, அந்தக் கண்ணாடி தெளிவா" என்று கேட்கிறவள் நான். அங்கே நின்றபோது எனக்கே ஒன்றும் தெளிவாகவில்லை. பாத்திரப் பட்டறையில் இருபது வருடமாகத் தகடு தட்டுகிற அண்ணனை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? எது வாங்கட்டும், சொல்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் எறும்பு


ஜனவரி 19

அன்புள்ள எறும்புக்கு,

அண்ணன். இங்கே சுகம். முட்டி வானிலை அறிக்கை வாசிக்கிறது. அம்மா மாத்திரையை விழுங்குகிறாள், நான் எதிரே நின்றால் மட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "என்னடா, தனியா சிரிக்கிற?" என்றாள் அம்மா. சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பயம்தான், வேறென்ன.

இப்போது பாடம். ஒட்டாத பூச்சைத் தொடாதே. மலையில் கரண்டி, கத்தி, மணல் எல்லாம் ஒரே பையில் கிடந்து உரசும். நாலாம் நாள் பூச்சு உன் வயிற்றில் இருக்கும். மெல்லிய அலுமினியம் சூட்டை நன்றாகப் பரப்பும், ஆனால் பையை ஒரு தடவை பாறையில் தொப்பென்று போட்டால் போதும், மூடி பிறகு மூடாது. டைட்டானியம் கனமே இல்லாதது, சாகாதது. வெந்நீர் மட்டும் போடுகிறவனுக்கு அதுதான். கஞ்சி வைத்தால் தீ படுகிற இடத்தில் கருகும், சுற்றிலும் பச்சையாக இருக்கும். நீ கஞ்சி குடிக்கிற ஆள். உனக்கு ஸ்டீல். கொஞ்சம் கனம்தான், ஆனால் உழைக்கும். ஒருத்திக்கு முக்கால் லிட்டர் தாராளம். அடி மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். கைப்பிடியை உள்ளே ரிவெட் ஆணி தெரியாமல் பற்றவைக்க வேண்டும், ரிவெட் இடுக்கில்தான் அழுக்கு தங்கும். இதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காது. நானே செய்து தருகிறேன்.

சட்டி விஷயத்தில் நான் ஏன் இப்படி உயிரை விடுகிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மலைக்குப் போகிறவளிடம் இன்னொரு தடவை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவில் பிளந்த தட்டைப் பாறை, மேலே மஞ்சள் அம்பு. அங்கேதான் கால் மடங்கி விழுந்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டி. அடுப்பும் எரிவாயு டப்பாவும் அதற்குள்ளேயே அடக்கம். "நான் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்றான் கூட வந்த நண்பன். இடக்கையால் சட்டியைத் தூக்கித் தன் பையில் திணித்தான். போனான். சுற்றிலும் பனி, உருக்க வழியில்லை. பனியை வாயில் போட்டால் தாகம் தீராது, உடம்புதான் விறைக்கும். மூன்றாம் நாள் வேறு யாரோ நடந்து வந்தார்கள், பிழைத்தேன். காலில் மூன்று விரல் போயிற்று. அவனோ அன்றைக்கே இறங்கி, பஸ் பிடித்து, வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் நம் வீட்டில் அவனுக்குச் சட்டிதூக்கி என்று பெயர். அதனால்தான் சொல்கிறேன், மலையில் ஆளுக்கொரு சட்டி. கூட யார் வந்தாலும், தெய்வமே வந்தாலும், அவரவர் சட்டி அவரவர் பையில்.

பாதி வழியில் நின்றுபோன என் காலுக்கு நீ இருக்கிறாய். சந்தோஷமாக இருக்கிறேன் எறும்பே.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடையில் கூட்டம். அம்மா இங்கே ஒரு வாரம் தங்கியது எனக்கு நன்றாக இருந்தது. பஸ் ஏறும்போது மட்டும் ஏனோ பேச்சே இல்லை. வாந்திக்குப் பயந்திருப்பாள். சரியாக வந்து சேர்ந்தாளா?

நீயே சட்டி செய்கிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாற்றம் மட்டும். முக்கால் லிட்டர் போதாது என்று தோன்றுகிறது. ஒன்றரை லிட்டராகச் செய்ய முடியுமா? நடந்தால் பசிக்கும், முகம் கழுவ வெந்நீர் வேண்டும், இப்படி எத்தனையோ இருக்கிறது. உள்ளே இரண்டு டம்ளர் அடங்குகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று உடைந்தால் ஒன்று.

வேலைக்கு நடுவே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

எறும்பு


பிப்ரவரி 23

அன்புள்ள எறும்புக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். அம்மா வந்து சேர்ந்தாள், ஆனால் வந்ததிலிருந்து வாயில் கொழுக்கட்டை. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல". என்ன செய்து அனுப்பினாய் அவளை?

எறும்புக்கு எதுக்கு அண்டா? அரை இட்லியைத் தட்டின் நாலு மூலைக்கும் நகர்த்தி நகர்த்தித் தின்கிறவள் நீ. அந்தப் பெயரே அதனால் வந்தது. ஸ்டீல் டம்ளர் எப்படி உடையும் என்பதையும் அடுத்த கடிதத்தில் விளக்கவும். சரி, மலைக்காற்று யானையாக்கிவிடும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை லிட்டர்.

நேற்று தகடு வெட்டினேன். ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்காக வந்த பெரிய ஆர்டரை ஓரமாக வைத்துவிட்டு உன் சட்டியைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினேன். முதலாளி வந்து பார்த்தார். "இது யாருக்கு?" என்றார். "என் தங்கச்சி மலைக்குப் போறா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் காலை அவருக்குத் தெரியும்.

சட்டியின் வாயில் ஒரு மூக்கு வைக்கப் போகிறேன். நூடுல்ஸ் தண்ணீர் வடிக்க, டம்ளரில் ஊற்ற. கைப்பிடிக்கு இடப்பக்கம் மூக்கு. சோற்றுக்கையால் பிடித்துச் சாய்த்தால் நேராக விழும். மூக்கை ஒரு தடவை தட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. வேறு ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல்.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் சுகம். அம்மா பேசுகிறாளா?

மூக்கு தட்டிவிட்டாயா? தட்டவில்லை என்றால் வலப்பக்கம் வைத்துவிடு. அதுதான் வசதி என்று படுகிறது. மற்றபடி நீ சொன்ன எல்லாமே சரி. கைப்பிடி மடங்கினால் நல்லது, பைக்குள் இடம் மிச்சம்.

பயிற்சிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் அடுக்கிய பையோடு நடக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். நீ என்னை நினைத்துக் கவலைப்படுகிறாய் என்று தெரியும். சட்டிதூக்கி உன்னை விட்டுவிட்டுப் போனாரே, அந்த மாதிரி எனக்கு எதுவும் ஆகாது. தைரியமாக இரு.

எறும்பு


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம். அம்மாவும்.

மூக்கு இன்னும் தட்டவில்லை. இடமா வலமா என்று மறுபடி ஒரு தடவை எழுது. கை தவறி எழுதிவிட்டாயோ என்று பார்க்கிறேன்.

உன் கூட யாராவது வருகிறார்களா? வந்தால் சொல்லலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

வலப்பக்கம்தான். தவறு இல்லை. கடையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தில் நின்று நின்று எனக்கு வலது மணிக்கட்டு வலிக்கிறது. அதனால் இடக்கையைப் பழக்குகிறேன்.

யாரும் வரவில்லை அண்ணா. தனியாகத்தான் போகிறேன். யார் வருவார்கள் என் கூட?

அம்மாவுக்கு முத்தம்.

எறும்பு


ஜூலை 2

நலம் விசாரிக்க மனது வரவில்லை. எறும்பு என்று எழுதவும் வரவில்லை.

ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நம் வீட்டில் அவன் 'போனான்'. நீயும் நானும் அம்மாவும் ஒரு தடவைகூட வேறு மாதிரி சொன்னதில்லை. உன் கடிதத்தில் 'போனாரே' என்று இருந்தது. ஒரு 'ன்' ஒரு 'ர்' ஆகியிருந்தது. முதலில் எழுத்துப் பிழை என்று நினைத்தேன். பிறகு மூக்கு வலப்பக்கம். பத்து வருடம் அவன் எதிரே உட்கார்ந்து தின்றவன் நான். என் பழைய சட்டியில் ஊற்றும்போதெல்லாம் இடக்கையைச் சுட்டுக்கொண்டு திட்டுவான். "எனக்குன்னு ஒரு சட்டி செஞ்சு தாடா" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறான்.

அதனால்தான் உன்னைக் கேட்டேன். ஆம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். மணிக்கட்டு வலி என்றாய்.

அம்மாவிடம் போய் நின்றேன். "அவ வீட்டுக்குப் போனியே, அங்க அவன் இருந்தானா?" என்று கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவதான் சொல்ல வேணாம்னா" என்றாள். ஐந்து மாதம். நான் உன் சட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பளபளப்பு ஏற்றும்போதெல்லாம் அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முட்டாள் மாதிரி, "எறும்புக்கு இது பிடிக்குமா?" என்று அவளையே கேட்டேன். "பிடிக்கும்" என்றாள்.

நீ யாரோடு வாழ வேண்டும் என்று சொல்ல நான் யார்? உனக்கு முப்பத்து நாலு வயது. வந்து சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு விதியே என்று விட்டிருப்பேன். ஆனால் நீ எனக்காக நடக்கிறேன் என்றாய். என்னை விட்டுப் போனவனுக்கு என் கையாலேயே சட்டி செய்ய வைத்தாய். தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்பார்கள். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். அவன் செய்ததைக்கூட பயத்தில் செய்தான் என்று சொல்லலாம். நீ யோசித்து, நிதானமாக, தேதி போட்டுச் செய்திருக்கிறாய்.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

எந்த முகத்தோடு நலம் கேட்பேன். ஆனாலும் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

எல்லாம் உண்மை. போன வருடம் கண் பரிசோதனைக்கு என்று கடைக்கு வந்தார். நான் அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. இருட்டறையில் தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயரைப் பார்த்ததும் வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். "கீழே பார், மேலே பார்" என்று சொன்னேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். திட்டுவதற்காகத்தான் மறுபடி சந்தித்தேன் அண்ணா. திட்டித் திட்டி ஒரு கட்டத்தில் திட்டு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நடைக்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். இந்தப் பாதையில் போக வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். "அந்தப் பாறைகிட்ட போய் நிக்கணும். ஒவ்வொரு நாளும் அது என் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. உன் கையால் செய்த சட்டியில் அந்த இடத்தில் தண்ணீர் காய்ச்சினால் எல்லாம் எப்படியோ சரியாகிவிடும் என்று நினைத்தேன். முடித்துவிட்டு வந்து உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம், கோழைத்தனம். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவளை நான்தான் சத்தியம் வாங்கிக் கட்டிப்போட்டேன்.

சட்டி வேண்டாம் அண்ணா. கடையில் ஏதாவது வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

அம்மா சுகம். அவளோடு பேசத் தொடங்கிவிட்டேன், மாத்திரை அளவுக்கு.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒத்துக்கொண்ட வேலையை அரைகுறையாக விட எனக்கு வராது. சட்டி வேண்டாம் என்று நீ எழுதிய அன்றைக்கு மூக்கு ஏற்கெனவே தட்டியாகிவிட்டது. வலப்பக்கம்தான்.

பிரித்தால் இரண்டு சட்டியும் நீ கேட்ட இரண்டு டம்ளரும் இருக்கும். ஒன்றரை லிட்டர் அவனுக்கு. நல்ல சட்டி. பற்றவைப்பில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது, வேண்டுமென்றால் கடையில் காட்டிப் பார். அவன்மேல் உள்ள கோபத்தைத் தகட்டில் காட்டினால் நான் தொழிலாளி இல்லை. முக்கால் லிட்டர் உனக்கு. அது உன் முதல் கடிதத்துக்கு நான் சொன்ன அளவு. மூக்கு இடப்பக்கம். கஞ்சிக்குத் தண்ணீர் எதுவரை என்று உள்ளே கோடு போட்டிருக்கிறேன். அடியில் ஆறு புள்ளி அடித்திருக்கிறேன், எறும்புக்கு ஆறு கால். அவன் சட்டி அடியில் ஒன்றுமில்லை.

ஏன் இரண்டு என்று கேட்பாய். அவனுக்காக இல்லை. அவனிடம் ஒரு சட்டி இருந்தால் உன்னுடையதை எடுக்க மாட்டான். அடுப்பும் எரிவாயுவும் உன் சட்டிக்குள் அடங்குகிறது, அளந்துதான் செய்தேன். அதை அங்கேயே வை. அவன் எவ்வளவு கனம் சுமக்கிறேன் என்றாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், உன் சட்டியை அவன் பையில் வைக்காதே. அவனுக்கு அடுப்பு வேண்டுமானால் அவனே வாங்கிக்கொள்ளட்டும்.

கோபம் போகவில்லை. போனால் எழுதுகிறேன். அதுவரை பதில் எதிர்பார்க்காதே. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அம்மாவுக்குப் போடு.

அண்ணன்


செப்டம்பர் 22

அண்ணா,

அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி போட்டுவிட்டேன். இது உனக்கு. காலில் இரண்டு கொப்புளம், மற்றபடி நான் நலம். நீ நலமா என்று கேட்கிறேன், பதில் போட வேண்டாம்.

மலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் இருக்கிறேன். பாதை முடிந்தது. உன் பாறையிலிருந்து கடைசி வரைக்கும் ஆறு நாள். ஒரு அடிகூட விடவில்லை. சட்டி கறுத்திருக்கிறது, நெளியவில்லை. கஞ்சி ஒரு தடவைதான் அடிப்பிடித்தது, அது என் தப்பு.

இரண்டாம் நாளே, நடப்பவர்கள் தங்குகிற ஒரு குடிசையில் அவர், "ரெண்டு சட்டி எதுக்குச் சுமக்கணும்? என்னோடது பெருசு, ரெண்டு பேருக்கும் போதும். உன்னோடதை இந்தக் குடிசையில விட்டுடு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நீ எழுதாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். "இருக்கட்டும்" என்றேன். "உங்கண்ணன் சொன்னாரா?" என்று சிரித்தார்.

நாலாம் நாள் பாறை வந்தது. நீ சொன்ன மாதிரியே நடுவில் பிளந்து, மேலே மஞ்சள் அம்பு மங்கிப்போய். நான் நின்றுவிட்டேன். அவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார், புது பூட்ஸ் கடிக்கிறது என்று பேசிக்கொண்டே. பாறையைச் சுற்றிக்கொண்டு போனார். அதன்மேல் ஒரு கையை ஊன்றித் தாண்டினார். நிற்கவில்லை. இப்போது நிற்பார், இப்போது திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பி, "என்ன, களைச்சுட்டியா? நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்" என்றார்.

நான் அங்கே உட்கார்ந்து, பனியை அள்ளி என் சட்டியில் உருக்கி, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். இன்னொரு டம்ளரைப் பாறைமேல் வைத்தேன். யாருக்கு என்று தெரியவில்லை. ஆறியதும் அதையும் நானே குடித்தேன்.

சாயங்காலம் அடுத்த குடிசைக்குப் போனபோது வேறு யாருடைய அடுப்பையோ வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். "பசிச்சுது, சாப்பிட்டுட்டேன்" என்றார். பெரிய சட்டி காலியாக இருந்தது. "அந்தப் பாறையில நிக்கணும்னு சொன்னீங்களே" என்றேன்.

"எந்தப் பாறை?" என்றான்.

மறுநாள் காலையில், இனி என் கூட வர வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பூட்ஸ் கயிற்றையே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் என் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் தன் சட்டியை இடக்கையால் எடுத்துத் தன் பையில் வைத்தான். வந்த வழியே இறங்கிப் போனான்.

எறும்பு